நேரத்துக்கும் சேதாரக் கணக்கு உண்டு: சேலத்து வெப் டெவலப்பர் ஒருவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சேலத்தில் உட்கார்ந்து இணையதளம் செய்து கொடுப்பவன். பெங்களூரில் 6 வருடம் கம்பெனி வேலை பார்த்தேன். 2020-ல் ஊரடங்கு வந்தபோது லேப்டாப்போடு சிவதாபுரம் வீட்டுக்கு வந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். கீழே அப்பாவின் கொலுசுப் பட்டறை, மாடியில் என் அறை. பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளும், பெங்களூர் வேலையை விட்டு ஊர் திரும்பலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நேரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள், தொழில் தொடங்குவதற்கு எதைப் படிக்கலாம், டெக் மாநாடுகளுக்குப் போவதால் உண்மையிலேயே பயன் உண்டா. போனில் அவசரமாகச் சொல்வதைவிட நிதானமாக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?

நாற்காலியில் இருப்பது எட்டு மணி நேரம். வேலை என்று சொல்லத்தக்கது நடப்பது நான்கு மணி நேரம், நல்ல நாளாக இருந்தால் ஐந்து. சொன்னால் பலர் நம்புவதில்லை. நானும் ஒரு காலத்தில் பத்து மணி நேரம் உழைப்பதாகத்தான் நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்த பிறகுதான் கணக்கு தெரிந்தது.

எழுதிப் பார்ப்பது என்றால் எப்படி?

இது பட்டறையில் கற்றது. ஒரு ஜோடிக் கொலுசு பல கை மாறித்தான் உருவாகும். ஒருவர் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார், இன்னொருவர் வளையம் வளைத்துக் கோப்பார், அடுத்தவர் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார், கடைசியில் முத்து கட்டிப் பாலிஷுக்குப் போகும். ஒவ்வொரு கைக்கும் வெள்ளி எடை போட்டுத்தான் போகும், எடை போட்டுத்தான் திரும்பி வரும். அப்பாவின் நீள நோட்டைத் திறந்தால் ஒரே வரியில் நாலு எண் இருக்கும்: கொடுத்தது 500, வந்தது 492, தூள் 5, சேதாரம் 3.

தூளும் சேதாரமும் ஒன்றல்ல. அரம் போடும்போது உதிர்ந்து தட்டில் விழுவது தூள். அதைக் கூட்டி எடுத்து உருக்கினால் மறுபடி வெள்ளி. சேதாரம் திரும்பாது. பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட யாரும் தெருவில் கொட்டமாட்டார்கள். அதை விலை கொடுத்து வாங்கிப் போய் வெள்ளி பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2021-ல் ஒரு மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்தும் ஒரு பில்கூட அனுப்ப முடியாமல் போனது. மாதக் கடைசியில் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு கொடுத்தே, எவ்வளவு வந்துச்சு?" பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாளே அவரிடம் ஒரு பழைய நோட்டை வாங்கி அதே நாலு பத்தி போட்டேன். கொடுத்தது என்பது மேஜை முன்னால் இருந்த நேரம். வந்தது என்பது வாடிக்கையாளர் கையில் கொடுக்கிற அளவுக்கு முடிந்த வேலை. படித்தது, முயன்று பார்த்தது, பாதியில் நிற்கும் கோடு (கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரல்) எல்லாம் தூள். மற்றதெல்லாம் சேதாரம்.

முதல் வாரத்துக் கணக்கு இன்னும் இருக்கிறது. கொடுத்தது 54 மணி, வந்தது 21, தூள் 12, சேதாரம் 21. வந்ததற்குச் சமமாகச் சேதாரம்! இப்படி ஒரு வரி இருந்தால் அப்பா அன்றைக்கே பட்டறைக்குப் பூட்டுப் போட்டிருப்பார்.

போனில்தான் நேரம் போகிறது என்று நினைத்திருந்தேன். நோட்டு வேறு சொன்னது. ஒரு வாடிக்கையாளரின் கோடைத் திறப்பது, நடுவில் இன்னொருவர் கேட்டார் என்று அவருடையதைத் திறப்பது, திரும்ப முதல் வேலைக்கு வந்து எங்கே விட்டோம் என்று தேடுவது. இந்தத் தாவலில்தான் பாதிச் சேதாரம். அன்றிலிருந்து ஒரு காலைக்கு ஒரே வாடிக்கையாளர். எழுந்திருக்கும்போது எங்கே நிறுத்தினேன், அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இப்போது வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உட்காருகிறேன், வந்தது 25-க்குக் குறைவதில்லை.

25 நிமிட டைமர் முறையைப் பயன்படுத்துகிறீர்களா?

பொமொடோரோ முறையைத்தான் கேட்கிறீர்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தொடங்கியது. இத்தாலிய மொழியில் பொமொடோரோ என்றால் தக்காளி. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு.

மனசு ஒட்டாத வேலைகளுக்கு அருமையான முறை. பில் போடுவது, பழைய மெயில்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் இதில்தான் முடிகின்றன. கோடு எழுதும்போது எனக்கு 25 நிமிடம் போதவில்லை. சிக்கல் தலைக்குள் ஏறி உட்காரவே இருபது நிமிடம் ஆகிறது, ஏறிய உடனே மணி அடித்தால் எப்படி? அதற்கு 50 நிமிடம் வைத்துக்கொள்கிறேன்.

வாடிக்கையாளர்கள் எந்நேரமும் போன் செய்கிறார்களே, எப்படிச் சமாளிப்பது?

2009-ல் பால் கிரஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் எழுதிய கட்டுரை ஒன்று இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. நிர்வாகம் செய்பவரின் நாள் மணிக்கணக்கில் துண்டு போட்டது. ஒரு துண்டில் ஒரு சந்திப்பு, அடுத்த துண்டில் அடுத்தது. கோடு எழுதுபவர், கதை எழுதுபவர் போல ஒன்றை உருவாக்குபவரின் நாளுக்கு அரை நாள்தான் அலகு. அந்த அரை நாளின் நடுவில் ஒரே ஒரு சந்திப்பு வந்தாலும் இரண்டு பக்கமும் உபயோகமில்லாத துண்டுகளாகிவிடும்.

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரருக்கு இதை எப்படிச் சொல்வது? "தம்பி, ஒரே ஒரு சந்தேகம்" என்று காலை பத்து மணிக்குக் கூப்பிடுவார். அவர் பார்வையில் அது நியாயம்தான், அவர் கடை திறந்துவிட்டதே. நான் சொன்னது இதுதான்: "காலையில பட்டறையில அடுப்பு எரியுதுங்கய்யா, கையை எடுக்க முடியாது. ஒரு மணிக்கு மேல நானே கூப்பிடுறேன்." உடனே புரிந்துகொண்டார். முக்கியமான விஷயம், சொன்னபடி நாமே கூப்பிட வேண்டும். இரண்டு முறை மறந்தால் அவர் மறுபடி காலையிலேயே கூப்பிட ஆரம்பித்துவிடுவார், அதில் தப்பும் இல்லை. தளமே திறக்கவில்லை, பணம் போகவில்லை என்றால் மட்டும் எந்நேரமும் அழைக்கலாம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்தச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தியவர் இதுவரை யாரும் இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்யும்போது வீட்டார் கூப்பிடுவதை?

அறைக் கதவில் வெளிப்பக்கம் சாவிக்கொத்து தொங்கினால் அம்மா கூப்பிடமாட்டார். சாவிக்கொத்து இல்லையென்றால் காய் நறுக்கக்கூட இறங்கி வருவேன். பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு, நன்றாகவே நடக்கிறது.

கரண்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடையைப் பேப்பரில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும் அந்த நாளை நான் கோடு வேலைக்கு வைப்பதில்லை. அது வாடிக்கையாளர் கடைக்கு நேரில் போகும் நாள். கடையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அவர்கள் நம் தளத்தை உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரிந்துவிடும். கண்ணாடி போடாமல் போனை எட்டப் பிடித்துக்கொண்டு ஆர்டர் பார்க்கும் ஒரு முதலாளியைக் கண்டபிறகுதான் அந்தப் பக்கத்தில் எழுத்தின் அளவைக் கூட்டினேன்.

தொழில் தொடங்குபவர் படிக்க வேண்டிய புத்தகங்கள் எவை?

நிறையப் படித்திருக்கிறேன். இவற்றில் பல அமெரிக்காவில் முதலீட்டாளர் பணத்தை வைத்து வேகமாக வளரும் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர்க் கடைகள் சொந்தப் பணத்திலும், 45 நாள் கடனிலும், கைமாற்றிலும் ஓடுகின்றன. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மூன்று புத்தகங்கள் எனக்கு உண்மையாகவே உதவின.

முதலாவது மைக்கேல் கெர்பர் 1986-ல் எழுதிய 'இ-மித்'. வேலை நன்றாகத் தெரிந்தவருக்கு அந்த வேலையை வைத்து நடத்தும் தொழிலும் தெரிந்திருக்கும் என்ற நினைப்புதான் சிறு தொழில்களைக் கவிழ்க்கிறது என்பது அதன் மையம். எனக்கு நன்றாகக் கோடு எழுத வரும். எஸ்டிமேட் போட வராது, அட்வான்ஸ் கேட்கக் கூச்சம், பாக்கி கேட்க அதைவிடக் கூச்சம். அந்தப் புத்தகத்தை மூடிய வாரத்தில்தான் பாதிப் பணம் முன்னால் வாங்கிக்கொண்டு வேலை தொடங்குவது என்று முடிவு செய்தேன். ஒரே ஒருவர்தான் மறுத்தார்.

இரண்டாவது எரிக் ரீஸ் 2011-ல் வெளியிட்ட 'லீன் ஸ்டார்ட்அப்'. முழுசாகக் கட்டி முடித்துவிட்டுச் சந்தைக்குப் போகாதே, மிகச் சின்னதாக ஒன்றைச் செய்து உண்மையான வாடிக்கையாளரிடம் காட்டித் தெரிந்துகொள் என்கிறது. ஜவ்வரிசி வியாபாரி ஒருவர் ஆர்டர், பணம் கட்டுதல், லாரி எங்கே வருகிறது என்பது எல்லாம் உள்ள ஆப் வேண்டும் என்று வந்தார். பெரிய வேலை, பெரிய தொகை. இருந்தாலும், மூன்று வாரம் வாட்ஸ்அப்பிலும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டிலும் ஓட்டிப் பார்ப்போம் என்றேன். அவரிடம் வாங்குபவர்களுக்கு ஆன்லைனில் பணம் கட்டும் எண்ணமே இல்லை. காலை ஒன்பது மணிக்குள் அன்றைய மூட்டை விலை தெரிந்தால் போதும் என்றார்கள். ஒரே ஒரு விலைப் பட்டியல் பக்கம் செய்து கொடுத்தேன். எனக்கு வந்த தொகை குறைவு. அவர் அனுப்பிய ஆட்கள் மூலம் பிறகு நாலு வேலை வந்தது.

மூன்றாவது தொழில் புத்தகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஐபிஎம் கம்பெனியில் சிஸ்டம் 360 கணினிக்கான மென்பொருள் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய 'மித்திக்கல் மேன்-மன்த்'. தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்பது அதில் வரும் புகழ்பெற்ற விதி. தீபாவளிக்கு முன்னால் ஒரு துணிக்கடைத் தளம் இழுத்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேரைக் கூட்டி வந்தேன். அவர்களுக்கு விளக்கிச் சொல்லவே மூன்று நாள் போய்விட்டது. விதியை ஏற்கனவே படித்திருந்தேன் என்பதுதான் வருத்தம். படிப்பதும் அது வேலை நேரத்தில் ஞாபகத்துக்கு வருவதும் வேறு வேறு.

தமிழில், நம் ஊரிலிருந்து கற்க ஏதாவது இருக்கிறதா?

ஏராளம். இந்து தமிழ் திசையின் வணிக வீதி இணைப்பையும் நாணயம் விகடனையும் தொடர்ந்து படிக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு என் முதல் பதில் டி.ஆர்.சுந்தரம்.

ஏற்காடு சாலையில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. எல்லோரும் இறங்கி போட்டோ எடுக்கிறார்கள். இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த சுந்தரம் 1935-ல் இந்த ஊரில் சினிமா ஸ்டூடியோ தொடங்கினார். அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-ல் அவர்கள் எடுத்ததுதான். கலைஞர்களும் தொழில்நுட்பக்காரர்களும் மாதச் சம்பளத்தில் ஒரே வளாகத்தில் வேலை பார்த்தார்கள், நேரக் கட்டுப்பாட்டுக்குப் பெயர் போன இடம். சென்னைக்குப் போனால்தான் சினிமா என்று இருந்த காலத்தில் ஓர் ஆள் சேலத்தில் உட்கார்ந்து அதை ஒரு ஆலை மாதிரி நடத்திக் காட்டியிருக்கிறார். பெங்களூருக்குப் போனால்தான் சாப்ட்வேர் என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த வளைவு ஞாபகம் வரும்.

இன்னொன்று சேகோசர்வ். ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரர்கள் கடன் வசதிக்கும் சேமிப்புக் கிடங்குக்கும் நல்ல விலைக்கும் தனித்தனியாக அல்லாடிக்கொண்டிருந்து, 1981-ல் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். போட்டியாளர்களே ஒரு கூரையின் கீழ் வந்து கிடங்கையும் விற்பனையையும் பொதுவாக்கிக்கொண்ட கதை அது. தனியாக வேலை செய்யும் டெவலப்பர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. நாங்கள் மூன்று பேர் சர்வரையும் கணக்காளரையும் இப்போது பங்கிட்டுக்கொள்கிறோம்.

படித்தது எல்லாம் மறந்துபோகிறதே?

படிப்பது தூள் பத்தியில் போகும் என்று சொன்னேன் அல்லவா? அதில் வெள்ளி இருக்கிறது, உருக்கினால்தான் கிடைக்கும். ஒரு புத்தகம் முடித்தால் அதிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை 30 நாளுக்குள் ஏதாவது ஒரு வாடிக்கையாளர் வேலையில் செய்து பார்ப்பேன். செய்யாவிட்டால் அந்த மணி நேரங்களை நோட்டில் சேதாரப் பத்திக்கு மாற்றிவிடுவேன். கை கூசும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே இப்போது வருடத்துக்கு ஆறு ஏழு புத்தகம்தான் எடுக்கிறேன், முன்பு முப்பது.

டெக் மாநாடுகளுக்குப் போவதால் பயன் உண்டா? எல்லாம் யூடியூபில் வந்துவிடுகிறதே?

பேச்சைக் கேட்பதற்காகப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். வீட்டிலேயே, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நான் முதலில் போன பெரிய மாநாடு பெங்களூரில். டிக்கெட், இரண்டு இரவுத் தங்கல், பஸ், சாப்பாடு என்று 11,000 ரூபாய், அப்புறம் மூன்று வேலை நாள். எல்லா அரங்கிலும் முன் வரிசையில் உட்கார்ந்து 14 பக்கம் குறிப்பு எடுத்தேன். அந்த 14 பக்கத்தை அதற்குப் பிறகு நான் திறக்கவே இல்லை.

ஆனால் அதே மாநாட்டில் டீ வரிசையில் கேட்ட ஒரு பேச்சு என் தொழிலையே மாற்றியது. அதைச் சொல்கிறேன்.

கொலுசு மொத்த வியாபாரி ஒருவருக்கு ஆர்டர் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். பார்சல் லேபிள் பிரிண்டரில் இடம் குறைவு என்பதால் பெயர்ப் பெட்டிக்கு 15 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தேன். "மீனாட்சிசுந்தரம்" என்று ஒருவர் தமிழில் ஆர்டர் போட்டார். லேபிளில் "மீனாட்சிசுந்தரம" என்று வந்தது, கடைசி ம் மேல் புள்ளி இல்லை. பிரிண்டரில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் பிரிண்டரோடு மல்லுக்கட்டினேன்.

டீ வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இந்திய மொழி எழுத்துருக்களில் வேலை செய்பவர். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கையில் இருந்த பேப்பர் கப்பிலேயே பேனாவால் எழுதிக் காட்டினார். மீ என்பது நமக்கு ஓர் எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் ம தனி, அதன் மேல் ஏறும் சுழி தனி, ஆக இரண்டு. ட் என்பதில் ட ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி எண்ணினால் மீனாட்சிசுந்தரம் நம் கணக்கில் 9 எழுத்து, கம்ப்யூட்டர் கணக்கில் 16. பதினாறாவதாக வருவது அந்தக் கடைசிப் புள்ளி. 15 என்று நான் வைத்த வரம்பு அதைத்தான் வெட்டியிருக்கிறது. இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழி ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துகளை நாம் எண்ணுவது போலவே பிரித்து எண்ண செக்மென்டர் என்று ஒரு வசதி இருப்பதையும் அவர்தான் சொன்னார்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஊருக்கு வந்து நான் செய்த எல்லாத் தளங்களையும் திறந்து பார்த்தேன், ஏழு இடத்தில் அதே தவறு. எஸ்எம்எஸ் செலவும் அன்றைக்குத்தான் புரிந்தது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70 தான், அதுவும் இந்தச் சுழி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டு. இன்று தமிழில் ஒழுங்காக ஓடும் தளம் வேண்டும் என்று தேடி வருபவர்கள்தான் என் வருமானத்தில் பெரும்பகுதி. ஒரு மனிதரின் பெயரில் புள்ளி போகாமல் பார்த்துக்கொள்வது சின்ன வேலை இல்லை.

மாநாடுகளால் பெரிதாக ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2009-ல் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில்தான் ரயன் டால், ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்ட உதவும் நோட் ஜேஎஸ்-ஐ எடுத்துக் காட்டினார். நான் தினமும் சர்வரில் ஓட்டுவது அதைத்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமானது தமிழ் இணைய மாநாடு. 1997-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. கணினியில் தமிழ் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று சிதறிக் கிடந்த காலம். ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டின் வழியாகத்தான் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. நான் இதைத் தட்டிக்கொண்டிருப்பது அதில்தான். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதின் மேல் புள்ளி தானாக விழும். ஒரு மாநாட்டு அறையில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தவர்களின் உழைப்பு 25 வருடம் கழித்தும் என் விரல் நுனியில் இருக்கிறது. அதை நினைத்தால் நன்றியாக இருக்கும்.

அப்படியானால் முதலில் எங்கே போகலாம்?

பெரியதைத் தவிர்த்து, மாதாந்திரச் சின்னக் கூட்டம் ஒன்றில் தொடங்குங்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் பைத்தான் நிரல்மொழிக் குழுவும் நெடுநாளாகக் கூட்டம் நடத்துகின்றன. இருபது முப்பது பேர் வருகிற இடத்தில் வாய் திறக்கத் தயக்கம் இருக்காது. அப்புறம் பைத்தான்காரர்களின் பைகான் இந்தியா போன்றவை. 2009-ல் பெங்களூரில் தொடங்கிய மாநாடு அது, தன்னார்வலர்கள் நடத்துவது. 2019-ல் சென்னைக்கே வந்தது. தன்னார்வலராகச் சேர்ந்தால் இன்னும் நல்லது. பதிவு மேஜையில் அரை நாள் நின்றாலே பார்வையாளராக மூன்று நாள் இருப்பதைவிட அதிகம் பேரிடம் பேசியிருப்பீர்கள்.

சேலத்திலிருந்து பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர். போகும்போது கையில் ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். இது எனக்கு ஓடவில்லை, ஏன் என்று ஒரே ஒரு உண்மையான சிக்கல். பார்க்கிற ஒவ்வொருவரிடமும் அதைக் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருக்கிறது. மேடையில் பேசலாமா?

பேசலாம். ஐந்து நிமிடப் பேச்சுக்கென்று பெரும்பாலான மாநாடுகளில் நேரம் ஒதுக்குகிறார்கள், அதில் பெயர் கொடுங்கள். நான் முதல்முறை பேசியது மேலே சொன்ன புள்ளிக் கதையைத்தான். பாதியில் ஆங்கில வார்த்தை வராமல் நின்றேன், முன் வரிசையில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் தெலுங்குக்காரர் ஒருவரும் மலையாளி ஒருவரும் தங்கள் மொழியிலும் இதே தொல்லை என்று வந்து நின்றார்கள். மூன்று பேரும் இன்றுவரை பேசிக்கொள்கிறோம்.

ஏஐ வந்த பிறகு இதெல்லாம் தேவையா?

கோடு வேகமாக வருகிறது, உண்மை. நானும் பயன்படுத்துகிறேன். வந்ததைச் சரிபார்க்கும் நேரத்தையும் கொடுத்தது பத்தியில் எழுதிப் பாருங்கள், லாபம் எந்த வேலையில், நஷ்டம் எதில் என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். எனக்கு, கோடு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எழுதுவதில் நல்ல லாபம். பழைய பில்லிங் கோடில் நஷ்டம்.

சேலத்தில் இருந்துகொண்டு போதிய வருமானம் வருமா?

பெங்களூர்ச் சம்பளத்தைத் தொட எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அதுவரை தாங்குகிற அளவு கையிருப்பு இல்லாமல் வேலையை விடாதீர்கள். எனக்கு வீட்டு வாடகை இல்லை, சாப்பாடு அம்மா கையில், அந்த வசதி எல்லோருக்கும் கிடைக்காது. இதைச் சொல்லாமல் ஊருக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னால் அது நேர்மை ஆகாது. சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பெரிய கம்பெனி வாடிக்கையாளர்கள் அதற்கு முன்பே ஜிஎஸ்டி எண் கேட்பார்கள். முதல் வருடமே நல்ல கணக்காளர் ஒருவரைப் பிடித்துவிடுங்கள்.

ஏற்காட்டில் வருடா வருடம் கூடுகிறீர்களாமே, நாங்களும் வரலாமா?

வரலாம். அது மாநாடு இல்லை. எட்டுப் பேர், இரண்டு நாள். மேடை, பேச்சு எதுவும் கிடையாது. ஆளுக்கொரு முடியாத வேலையோடு வர வேண்டும். புதுசாகத் தொடங்குவதற்கு அனுமதி இல்லை. முதல் நாள் காலை ஒவ்வொருவரும் பத்து நிமிடம் தன் வேலை எங்கே நிற்கிறது என்று சொல்வார், யாருக்கு என்ன தெரியுமோ சொல்வோம். அப்புறம் ஆளுக்கொரு மூலை. மறுநாள் சாயங்காலம் முடித்ததைக் காட்ட வேண்டும். போன வருடம் எட்டில் ஆறு முடிந்தது. என்னுடைய தூள் பத்தியில் இரண்டு வருடமாகக் கிடந்த தமிழ்ப் பெயர்ச் சரிபார்ப்பு நிரல் அங்கேதான் முடிந்தது, இப்போது நாலு தளத்தில் ஓடுகிறது.

மே மாதம் கோடை விழாக் கூட்டம் இருக்கும், அறை கிடைக்காது. நாங்கள் போவது ஜூன் கடைசியில். காபித் தோட்டத்துக்குள் ஒரு பழைய வீடு. வாசலில் நின்றால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருப்பது தெரியும், மூடுபனி இறங்கினால் அதுவும் தெரியாது. போன் சிக்னல் பாதி நேரம் இருக்காது. வேலைக்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் காலையில் லேசாகச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருங்கள். 1,500 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், ஸ்வெட்டர் வேண்டும். இருட்டிய பிறகு தோட்டத்துப் பக்கம் நடக்கக் கூடாது, காட்டெருமை இறங்கும். சார்ஜர் இரண்டு கொண்டு வாருங்கள். போன தடவை மூன்று பேர் மறந்துவிட்டு வந்தார்கள்.